எங்காத்து அடுப்பை இடித்த கதை

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. நாலரை மணி இருக்கும். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் இருக்கிறது. மார்கழி வந்துவிட்டால் எங்கள் தெருவில் மூன்றரை மணிக்கே வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கும். அன்று நான் கொஞ்சம் அசந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண்ணின் குழந்தைக்கு அப்போது இருபத்தெட்டு நாள். ராத்திரி பூராவும் அழுது, எங்களையும் அழ வைத்து, மூன்று மணிக்குத்தான் கண்ணை மூடியது. சமையலறைக்கு அடுத்த உள்ளில் தரையில் ஜமக்காளம் விரித்து மூன்று பேரும் படுத்திருந்தோம். பனிக்காற்று குழந்தைக்கு ஆகாது என்று ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாவற்றையும் இழுத்து மூடி, இடுக்கில் பழைய துணி வேறு அடைத்து வைத்திருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்!

திடீரென்று விழிப்பு வந்தது. ஏதோ அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். அரைத் தூக்கத்தில் அது என்னவென்று பிடிபடவில்லை. கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மாமியார் குளித்து, மடிப்புடவை உடுத்து, பெருமாளுக்குப் பொங்கல் பண்ணுவதற்காகச் சமையலறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். கையில் தீப்பெட்டி. எண்பது வயதிலும் லைட்டர் அவருக்குப் பிடிக்காது. "அது என்ன டக்கு டக்குன்னு பொம்மைத் துப்பாக்கி மாதிரி!" என்பார்.

"அம்மா! குச்சியைக் கிழிக்காதேங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீல் என்று அலறியது. மாமியார் குச்சியும் பெட்டியுமாக அப்படியே நின்றார். "ஏண்டி இப்படிக் கத்தறே? பல்லி கில்லி விழுந்துடுத்தா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை! இரண்டு மூன்று வருஷமாகவே அவருக்கு மூக்கு மந்தம். ரசம் கொதிக்கிறதா, பெருங்காயம் போட்டாகிவிட்டதா என்று என்னைத்தான் கேட்பார். வயசாச்சு என்று நாங்களும் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டோம்.

என்னவர் எழுந்து வந்து, பழக்க தோஷத்தில் சமையலறை சுவிட்சில் கையை வைக்கப் போனார். "ஏன்னா, சுவிட்சைத் தொடாதேங்கோ!" என்று அவருக்கும் ஒரு கத்தல். மாமியார் மின்சாரச் செலவு பார்ப்பவர். கூடத்து வெளிச்சம் போதும் என்று சமையலறை விளக்கைப் போடவே மாட்டார். அந்தச் சிக்கனத்தை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று அதுதான் எங்களைக் காப்பாற்றியது. சுவிட்சைப் போடும்போதும் சரி, அணைக்கும்போதும் சரி, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னப் பொறி உண்டாகும். அதுவே போதும்.

பெண்ணையும் குழந்தையையும் சால்வையால் சுற்றி வாசல் திண்ணைக்கு அனுப்பினேன். மாமியாரையும் கூடவே கிளப்பினேன். என்னவர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், இருட்டில் தடவி ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். நல்லவேளை, சீக்கிரம் கைக்குக் கிடைத்தது. இதைப் பிறகு கேட்ட மெக்கானிக் தம்பி என்னைக் கடிந்துகொண்டார். "வாசனை அவ்வளவு பலமா இருக்கும்போது உள்ளே நுழையலாமா மாமி? எல்லாரும் வெளியே வந்துட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

திண்ணையில் பனியில் உட்கார்ந்திருந்தோம். யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. கேஸ் புத்தகம் உள்ளே அலமாரியில். ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "1906-க்குப் போன் போட்டீங்களா மாமி?" என்பதுதான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகல் எந்நேரமும் கூப்பிடக்கூடிய எண் அது. அவள் வீட்டுக்குக் கேஸ் வந்ததே தமிழ்நாடு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். ஆனால் அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாகக் கரியால் எழுதி வைத்திருக்கிறாளாம். 1987-லிருந்து கேஸ் வைத்திருக்கிற எங்களுக்கு அது தெரியவில்லை. தெருமுனைக்குப் போய் அங்கிருந்து போன் செய்தோம். கேஸ் கசியும் வீட்டுக்குள் நின்றுகொண்டு போன் பேசக்கூடாது என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மெக்கானிக் வந்து சமையலறையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. எங்கள் அடுப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பழைய வீட்டுச் சமையலறை. கூடத்திலிருந்து ஒரு படி இறங்கித்தான் போக வேண்டும். கிழக்குச் சுவரை ஒட்டி, செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் பூசிய மேடை. அதில் ஒரு பெரிய அடுப்பு. பக்கத்தில் அதன் அனலையே வாங்கிக்கொள்ளும் கொடி அடுப்பு. மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி. மேடைக்கு அடியில் விறகு அடுக்கி வைக்க ஒரு மாடம். 1962-ல் மாமியார் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த மறுநாள் இந்த அடுப்பில்தான் பால் காய்ச்சினாராம். இருபது பேர் சாப்பிடுகிற குடும்பம். ஈர விறகு, ஊதுகுழல், கண்ணெரிச்சல். அவருக்கு இருக்கிற இருமல் அந்த நாள் சொத்து. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிக்கிற புகையினால் உலகம் முழுவதும் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் குழந்தைகளும் உண்டு. ஆகையால் விறகடுப்பின் ருசியைப் பற்றி யாராவது உருகினால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

நம் நாட்டில் சமையல் கேஸ் 1955-ல் பம்பாயில் தலைகாட்டியது. 1965-ல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வர மேலும் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்களாம். ராஜகோபுரம் பதின்மூன்று நிலையும் எழும்பி, 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆன அதே வருஷம் சிலிண்டரும் வந்தது. "பெருமாளுக்குக் கோபுரம் வந்தது, எனக்குக் கேஸ் வந்தது" என்று மாமியார் இன்றும் சொல்வார்.

வந்த கேஸ் அடுப்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பழைய அடுப்பு மேடையின் மேலேயே ஒரு பலகையைப் போட்டு வைத்துவிட்டார்கள்! ச்ராத்தத்துக்கு மட்டும் பலகையை எடுத்துவிட்டு விறகடுப்பு. சிலிண்டரை அடியில் விறகு மாடத்துக்குள் தள்ளியாயிற்று. ரப்பர் டியூப் சாம்பல் துவாரம் வழியாக நுழைந்து மேடைக்குப் பின்னால் மேலே ஏறும். 1990-ல் நான் மருமகளாக வந்தபோது இப்படித்தான் இருந்தது. அதன் பிறகும் அப்படியேதான். டியூபைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அன்று மெக்கானிக் கேட்டார். எங்களுக்கு ஞாபகமே இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனை செய்ய ஆள் வருவார்கள். வந்தவர்களை, "மடியாத் தளிகை ஆயிண்டிருக்கு, அப்புறம் வாங்கோ" என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். தப்பு முழுக்க எங்களுடையது.

மாடத்துக்குள் கையை விட்டு டியூபை வெளியே இழுத்துக் காட்டினார். எலி கடித்திருந்தது. ஒரு இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பள்ளம். முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெண்ணுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அடுப்பின் திருகை மூடியவள் நான்தான். ஆனால் ரெகுலேட்டரை மூடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ராத்திரியும் மூடியதில்லை. அடுப்புத் திருகை மூடினால் பர்னருக்குத்தான் கேஸ் போகாது. சிலிண்டரிலிருந்து அடுப்பு வரைக்கும் டியூபில் கேஸ் நின்றுகொண்டுதான் இருக்கும். இதைக்கூட யோசிக்காமல் இத்தனை நாள் சமைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

"டியூபை மாத்திடறேன். ஆனா மாமி, இந்த இடமே சரியில்லை" என்றார் அவர்.

"மேலே புகைபோக்கி இருக்கே தம்பி, எல்லாம் அது வழியாப் போயிடாதோ?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, "புகை மேலே போகும் மாமி. கேஸ் கீழே போகும்" என்றார்.

எனக்கு அது புதுச் செய்தி. விறகுப் புகை சூடானது, லேசானது, தானே மேலே ஏறும். அதை மனதில் வைத்துத்தான் நம் முன்னோர்கள் புகைபோக்கி வைத்தார்கள். சமையல் கேஸ் காற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவும், பள்ளத்தில் தேங்கும். சிலிண்டருக்குள் அது திரவமாக அடைபட்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் கிட்டத்தட்ட 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். அதற்கு இயற்கையில் வாசனையும் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்று ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். மூக்கு மந்தமானவர்களுக்கும், ஜலதோஷம் பிடித்தவர்களுக்கும், கொரோனாவுக்குப் பிறகு மோப்பம் போனவர்களுக்கும் அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. உங்கள் வீட்டிலும் அப்படிப் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் தனியாக முதல் அடுப்பைப் பற்ற வைக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் சமையலறையில் கூடத்திலிருந்து இறங்குகிற அந்த ஒரு படிதான் கேஸை உள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த உள்ளில் தரையில் படுத்திருந்த குழந்தையிடம்தான் முதலில் வந்திருக்கும் என்றார் அவர். மூலையில் இருந்த ஃபிரிட்ஜையும் காட்டினார். அது தானாக ஓடும், தானாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பொறி. அதைக் கேட்டதும் எனக்குக் கால் வெலவெலத்துவிட்டது. அன்று பகல் பூராவும் குழந்தையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

அடுப்பு மேடையை இடித்துவிடுவது என்று நானும் என்னவரும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். மாமியாரிடம் சொல்வது யார்? அவர்தான் சொன்னார், நான் பின்னால் நின்றேன்.

"அடுப்பை இடிக்கிறதா? பச்சைக் குழந்தை இருக்கிற ஆத்துலயா?" என்றார் மாமியார். அப்புறம் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் என்னிடம், "ரங்கநாதருக்கே மடைப்பள்ளியிலே விறகுதானே எரியறது. அங்கே யாரும் இடிக்கலையே" என்றார். "அங்கே விறகடுப்புக்குக் கட்டின இடத்துலே விறகு எரியறதும்மா. நாம விறகடுப்புக்குக் கட்டின இடத்துலே கேஸைக் கொண்டுபோய் வெச்சிருக்கோம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அவர் மனதை மாற்றியது என் பேச்சு அல்ல என்று நினைக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு 2004-ஆம் வருஷம் மறக்காது. அந்த ஜனவரி 23-ஆம் தேதி இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள். அன்று சாயங்காலம் மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாள் பார்த்துச் செய்யச் சொல்லு. ஒரு கல்லை மட்டும் எடுத்து துளசி மாடத்துக்கிட்டே வெக்கணும்" என்றார்.

தை பிறந்து வேலை ஆரம்பித்தோம். சிலிண்டரை முதலில் கொல்லைக்குக் கொண்டுபோய், வாயில் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்தோம். இந்த மூடியை ஒரு நூலில் கட்டித்தான் சிலிண்டர் வருகிறது. நான் இத்தனை நாள் அதை அறுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்! சமையல் பத்து நாளைக்குக் கரண்ட் அடுப்பில். கொத்தனார் மேடையை உடைக்க உடைக்க அறுபது வருஷத்துக் கரி கொட்டியது. பெண்ணையும் குழந்தையையும் அந்த மூன்று நாளும் தில்லைநகரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். நல்ல காரியம் செய்தேன்.

புகைபோக்கிக்குள் என்ன இருந்தது என்கிறீர்கள்! புறாக் கூடு, மேலே அடுக்கடுக்காகச் சுள்ளி, எச்சம். சுத்தமாக அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் புகைபோக்கி இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். அது எத்தனை வருஷமாக வேலை செய்யவில்லையோ! "மழைத் தண்ணி இறங்குதும்மா, அடைச்சு மேல பூசிடறேன், சுவர் அழகாயிடும்" என்றார் கொத்தனார். என்னவருக்கும் அதில் இஷ்டம்தான். பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை, "எலக்ட்ரிக் சிம்னி போட்டுடலாமே" என்று போன் செய்தார். நான் மறுபடி அந்த மெக்கானிக் தம்பியையே கூப்பிட்டுக் கேட்டேன். கூலி கொடுத்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுச் செய்வது மேல் இல்லையா?

புகைபோக்கியை அடைக்க வேண்டாம் என்றார். அடுப்பு எரியும்போது சூடும் நீராவியும் எண்ணெய்ப் புகையும் மேலே போக அது வேண்டும். சுத்தம் செய்து, உச்சியில் கம்பி வலை அடித்து, மழை இறங்காமல் சற்று உயரத்தில் ஒரு தகரக் குல்லாய் வைத்தால் போதும். ஆனால் கசிகிற கேஸுக்கு வழி தரையில்தான் வேண்டும். கொல்லைப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு சாண் அளவில் இரண்டு துவாரம் போடச் சொன்னார். எலி வராமல் அதற்கும் வலை. "எலக்ட்ரிக் சிம்னி வேணும்னா வாங்கிக்குங்க மாமி, தாளிக்கிற புகைக்கு நல்லது. கேஸ் வாசனை வந்தா மட்டும் அதையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ ஓட விட்டுடாதீங்க" என்றார்.

கொத்தனார் புது மேடைக்கு அடியில் சிலிண்டருக்கென்று கதவு போட்ட அலமாரி ஒன்று கட்டுவதாக இருந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். பழைய விறகு மாடத்துக்குக் கதவும் போட்டது மாதிரிதான் ஆகும் என்று வேண்டாமென்றுவிட்டேன். கதவு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மேலும் கீழும் காற்று போகத் துவாரம் வைத்துக்கொள்ளுங்கள். தரை மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சிலிண்டரை வைக்காதீர்கள்.

இன்னொரு தகராறு மேடையின் உயரம். மாமியார் மணையில் உட்கார்ந்தே சமைத்துப் பழகியவர். "தாழ்வாக் கட்டச் சொல்லேன்" என்றார். ஆனால் அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டரே இரண்டு அடிக்கு மேல் நிற்கிறது. ஆக மேடை இரண்டரை அடி. பெரியகடை வீதியில் தேடி அவருக்கு ஒரு உயரமான மர முக்காலி வாங்கினோம். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்துதான் இப்போது கறி வதக்குகிறார்.

1987 அடுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு பர்னர் அடுப்பு வாங்கினோம். பழையதில் ஜ்வாலை மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியெல்லாம் கரியாகும். கேஸ் தீரப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பர்னர் துவாரங்கள் அடைத்து, காற்று போதாமல் எரிந்தால் அப்படித்தான் ஆகுமாம். சரியாக எரிகிற கேஸ் நீலமாக எரியும். டியூப் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே எஃகுக் கம்பி பின்னியது. எலி கடித்தாலும் லேசில் துளைக்க முடியாது. அதன் மேலேயே எந்த வருஷம் வரை உபயோகிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, சுவரைத் துளைத்துக்கொண்டு போகக் கூடாது, முழு நீளமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிலர் டியூபுக்கு அழகாகத் துணி உறை தைத்துப் போடுவார்கள். தையல் தெரிந்தவர்கள் தலையணைக்குப் போடுங்கள், டியூபுக்கு வேண்டாம்!

எல்லாம் பொருத்தி முடித்ததும் தம்பி ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கேட்டு வாங்கி, டியூப் சேருகிற இடத்திலெல்லாம் தடவினார். கொப்புளம் வரவில்லை. முன்னொரு காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் தீக்குச்சி கிழித்துச் சுற்றிலும் காட்டிச் சோதித்தது நினைவுக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தோம்!

புதுச் சிலிண்டர் வரும்போது நான் இப்போது சீல் பார்க்கிறேன், எடை பார்க்கிறேன். கேஸ் மட்டும் 14.2 கிலோ, காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் கணக்குச் சரியாக வர வேண்டும். பிடிக்குக் கீழே உட்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் வருஷமும் இருக்கிறது பாருங்கள். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இப்படி மும்மூன்று மாதமாக டி என்பது டிசம்பர் வரை. அதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கெடு தாண்டியது வந்தால் வாங்காதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. குழந்தைக்குக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டியிருக்கிறதே என்று குளியலறையில் கேஸ் கீசர் வைக்க என் பெண் ஆசைப்பட்டாள். எங்கள் குளியலறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல்தான். கேஸ் எரியப் பிராணவாயு வேண்டும். மூடின இடத்தில் அது குறையக் குறைய, கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிப்போ பிராணவாயுவைப் போல 200 மடங்குக்கு மேல். தலைவலி, மயக்கம், வாந்தி என்று ஆரம்பித்து, குளித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவார்கள். உள்ளே தாழ்ப்பாள் வேறு. கீசரைக் கொல்லைச் சுவரில் வெளியே மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வரும்படி செய்தோம். பிரசவ அறையில் குமுட்டியில் கரி கணகணவென்று வைத்து, கதவைச் சாத்தி, குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவோமே, அதிலும் இதே விஷவாயுதான். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "நாங்கள்ளாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்றார். ஆனாலும் மறுநாளிலிருந்து குமுட்டி கொல்லையோடு நின்றுவிட்டது. குழந்தையின் தலை துணியால் துவட்டித்தான் காய்ந்தது. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புது அடுப்பில் பால் காய்ச்சினோம். மாமியார் மேடைக்குக் கோலம் போட்டு, முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் லைட்டரை வைத்திருந்தேன். தீப்பெட்டியைக் காணோமே என்று தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. "வாசனை ஏதாவது வர்றதா பாரு" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, இல்லை என்றேன். டக்கு டக்கு என்று நாலு தடவை அழுத்தினார். ஐந்தாவது தடவை பற்றிக்கொண்டது. நீலமாக எரிந்தது. பால் பொங்கியதும் முக்காலியிலிருந்து மெல்ல இறங்கி, குனிந்து, ரெகுலேட்டரைத் தானே திருகி மூடினார்.

மேலே புகைபோக்கி உச்சியில் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு புறா வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. "உன் ஆத்தையும் இடிச்சுட்டாளா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, பாலை இறக்கிப் பெருமாளிடம் எடுத்துக்கொண்டு போனார்.